அங்கே கல்லே கிடையாது: ஒரு மலைப்பாதையில் பார்வையையும் நினைவையும் பழக்க முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தின் நடுவே போகும் ஒரு மண்பாதையில் சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை நடந்துகொண்டிருந்தேன். கீழ்ச் சரிவில், செடிகளுக்கு மேலே ஒரு கரும்பாறையின் முதுகு தெரிந்தது. பாறைதானே என்று அதை ஒட்டிப் போகும் குறுக்குவழியில் இறங்கக் காலை வைத்தேன். கொழுந்து மூட்டையோடு எதிரே வந்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, அங்க கல்லே கிடையாது" என்றார். இரண்டு பேரும் நின்று பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் பாறை தலையைத் தூக்கியது. காட்டெருமை.

அந்த அம்மா தடித்த கண்ணாடி போட்டிருந்தார். பார்வைக் கூர்மையில் அவர் என்னை மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. எங்கள் இருவர் கண்ணிலும் விழுந்தது ஒரே கரும்படிவம்தான். எனக்கு அது பாறையானது, அவருக்கு மாடானது. காரணம், அந்தச் சரிவில் எது எங்கே இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். அன்றிலிருந்து இதைப் பற்றிப் படிக்கவும், என் பாதையிலேயே செய்து பார்க்கவும் ஆரம்பித்தேன். அப்படிச் செய்து பார்த்ததைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

வேண்டியது ஒரு பாதை. 500 மீட்டர் போதும். ஊரார் நடக்கிற, நீங்கள் திரும்பத் திரும்பப் போகக்கூடிய வழியாக இருக்கட்டும். தோட்டத்துப் பாதை, ஹட்டிக்கு (படகர் ஊருக்கு)ப் போகும் சாலை, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு சுற்று, எதுவானாலும் சரி. காப்புக்காடு வேண்டாம். அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. வெயில் ஏறிய பிறகு நடங்கள், இருட்டுமுன் வீடு திரும்புங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் காட்டெருமையும் கரடியும் தோட்டத்துக்குள்ளும் தெருவுக்குள்ளும் வருவது எல்லோருக்கும் தெரியும். எதிரே வந்தால் நின்று, மெதுவாகப் பின்வாங்கி வழிவிடுங்கள். பயிற்சியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சாரலில் பேனா மை கரைந்துவிடும், அதனால்தான் பென்சில். சில நாட்களுக்கு ஒரு துணையும் தேவைப்படும்.

முதல் படி: கட்டைவிரல் நகம்

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். கண் ஒரு நேரத்தில் நுணுக்கமாகப் பார்க்கும் இடம் ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான். விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சிறு குழியில்தான் முழுக் கூர்மை. பார்வைக் கோணத்தில் அது சுமார் 2 டிகிரி. நம்புவது கடினம் என்றால் ஒரு பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று முதல் எழுத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். கண்ணை நகர்த்தாமல் எத்தனை எழுத்து படிக்க முடிகிறது? இரண்டு மூன்று தாண்டியதும் எழுத்து கலங்கிவிடும்.

பிறகு எப்படிப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே தெளிவாகத் தெரிகிறது? கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கிறது. தாவிய இடங்களை ஒட்டித் தைத்து, நடுவில் விட்டதைத் தானே நிரப்பி, முழுக் காட்சி என்று மனம் நமக்குக் கொடுக்கிறது. கண் அடுத்து எங்கே தாவும் என்பதுதான் முக்கியம்.

இரண்டாம் படி: ஒரே பாதை, மூன்று கேள்வி

ஆல்ஃபிரட் யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் 1960களில் கண்ணின் நகர்வைப் பதிவுசெய்யும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, ரெபின் வரைந்த ஓவியம் ஒன்றை மக்களுக்குக் காட்டினார். ஒரு வீட்டுக் கூடத்துக்குள் யாரும் எதிர்பாராத ஒருவர் நுழைகிற காட்சி அது. "இவர்களுக்கு என்ன வயது?" என்று கேட்டால் பார்ப்பவரின் கண் முகங்களிலேயே சுற்றியது. "இந்தக் குடும்பம் வசதியானதா?" என்று கேட்டால் உடைக்கும் மேசை நாற்காலிக்கும் போனது. "வந்தவர் எவ்வளவு காலம் வெளியே இருந்திருப்பார்?" என்றால் வந்தவர் முகத்துக்கும் மற்றவர் முகங்களுக்கும் இடையே ஓடியது. ஓவியத்தில் ஒன்றும் மாறவில்லை, மாறியது கேள்வி மட்டும்.

இதை உங்கள் பாதையில் செய்யுங்கள். ஒரே பாதையை மூன்று முறை, தடவைக்குப் பத்து நிமிடம், ஒவ்வொரு கேள்வியோடு நடங்கள்.

முதல் நடைக்கு: தண்ணீர் எங்கெல்லாம் ஓடியிருக்கிறது?

இரண்டாவதுக்கு: இந்த மலைக்கே உரியது எது, வெளியிலிருந்து வந்தது எது?

மூன்றாவதுக்கு: எது அசைகிறது?

ஒவ்வொரு நடை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து கண்டதை எழுதுங்கள். முந்தின பட்டியலைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். மூன்றும் முடிந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் நோட்டில் முதல் பட்டியலில் அரிப்பு விழுந்த மண், பாசி ஏறிய தடுப்புச்சுவர், வேர் வெளியே தெரிந்த செடிகள் என்று இருந்தது. மூன்றாவதில் சிலந்தி நூல், நீலகிரி ஈப்பிடிப்பான் ஒன்று, காற்றில் திரும்பித் திரும்பி வெளுத்த அடிப்பக்கத்தைக் காட்டும் சில்வர் ஓக் இலைகள். இரண்டிலும் பொதுவாக வந்த பொருள் ஒன்றே ஒன்று. அரைமணி நேர இடைவெளியில் ஒரே ஆள் ஒரே பாதையில் நடந்தது அது.

இரண்டாவது கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் அதிர்ந்துபோகிறார்கள். நீலகிரி என்றதும் நம் மனதில் வரும் பச்சையில் பெரும்பகுதி குடிவந்தது. கற்பூர மரம், சீகை, சில்வர் ஓக் மூன்றும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தேயிலையும் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்டதுதான். இந்த மலை உச்சிகளுக்கு உரியது புல்வெளியும், அதன் மடிப்புகளில் ஒடுங்கி நிற்கும் சோலையும். இந்தக் கேள்வியைக் கையில் எடுக்கும்வரை உரியதும் குடிவந்ததும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். கேட்ட பிறகு ஒன்றாகவே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

கேள்வி ஒன்றைக் காட்டும்போதே இன்னொன்றை மறைக்கவும் செய்யும். டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோஃபர் சப்ரிஸும் 1999ல் வெளியிட்ட சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்டவர் நடந்துபோனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனிக்கவில்லை. அதைவிட என்னை உலுக்கியது 2013ல் வந்தது. நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கேட்டார்கள். ஒரு படத்தில் கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. தவறவிட்டவர்களில் பலரின் கண் நேராக அந்த உருவத்தின் மேலேயே போய் நின்றிருந்ததைக் கருவி காட்டியது. கண் பட்டால் போதாது, தேடும் பொருளாகவும் அது இருக்க வேண்டும்.

அதனால் விலங்கு நடமாடும் வழியில் கூட்டமாகப் போனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேல் சரிவைப் பார்க்கட்டும், ஒருவர் கீழ் சரிவை, ஒருவர் பாதையை. தனியாக நடந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வியை மாற்றுங்கள்.

மூன்றாம் படி: பாறைகளை எண்ணுவது

இனி அந்த மாலைக்கே வருகிறேன். தேயிலைச் சரிவில் கறுப்பாக, உருண்டையாக ஒன்று தெரிந்தால் அது பாறை என்று என் மனம் ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்தது?

இடம் அப்படிச் சொன்னது. 1975ல் ஸ்டீஃபன் பால்மர் செய்த சோதனையில் முதலில் ஒரு சமையலறைப் படம், பிறகு கண்ணிமைக்கும் நேரம் ஒரு பொருள். ரொட்டியைக் காட்டினால் சரியாகச் சொன்னார்கள். ரொட்டியைப் போலவே வடிவமுள்ள தபால்பெட்டியைக் காட்டியபோது அதிகம் தடுமாறினார்கள். சூழல் முன்கூட்டியே பதிலை எழுதி வைத்துவிடுகிறது. கண் அதற்கு ஒப்புதல் மட்டும் கேட்கிறது.

காட்டெருமை விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. வளர்ந்த மாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். அடையாளம் காண அதைவிட நல்ல குறி இல்லை. ஆனால் தேயிலைச் செடிக்குள் நிற்கும்போது மறைவது அந்தக் கால்கள்தான். மிஞ்சுவது முதுகு மட்டும், அதாவது பாறை.

அரிதாக வருவதை மனம் தேடுவதையே விட்டுவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஜெரமி உல்ஃப் குழுவினர் 2005ல் பயணப் பெட்டிகளைச் சோதிப்பது போன்ற ஒரு தேடலை வைத்தார்கள். பாதிப் படங்களில் தேடும் பொருள் இருந்தபோது தவறவிட்டது சுமார் 7 சதவீதம். நூறில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது சுமார் 30 சதவீதம். தேடுகிறவர்கள் "இல்லை" என்று சொல்லவே பழகிவிட்டார்கள். பத்து நாள் நடந்து ஒன்றையும் காணாதவன் பதினோராம் நாள் பார்க்கும் பார்வை இதுதான்.

அப்படியானால் அந்த அம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? 1998ல் மார்வின் சுன், யூஹொங் ஜியாங் இருவரும் காட்டியது இங்கே பொருந்துகிறது. எழுத்துகள் சிதறிக்கிடக்கும் திரையில் ஒரு குறியைத் தேடச் சொன்னார்கள். சில அமைப்புகள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றில் தேடல் வேகமானது. ஆனால் அந்த அமைப்பை முன்பு பார்த்தீர்களா என்று கேட்டால் அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தெரிந்துவைத்திருக்கிறோம் என்பது தெரியாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். கொழுந்து பறிக்க அதே வரிசைக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வருகிறவருக்கு, வருடக்கணக்கில் இதே பாடம்தான். "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று பிறகு கேட்டேன். "கல்லு எங்க இருக்குன்னு தெரியும்ல" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

நாம் அதை வருடக்கணக்கில் காத்திராமல் கொஞ்சம் வேகமாகக் கற்கலாம். பாதையில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, அசையாத பெரிய பொருட்களை மட்டும் கோட்டுப்படமாகக் குறியுங்கள்: பாறை, அடிமரம், தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம், தடுப்புச்சுவர். எண்ணிக்கையையும் எழுதுங்கள். ஒரு வாரம் தினமும் அந்த நான்கு இடங்களில் நின்று, படத்தைப் பார்க்காமல் எண்ணிவிட்டு நடங்கள். என் பாதையின் இரண்டாவது திருப்பத்தில் செடிக்கு மேலே தெரியும் பாறைகள் ஏழு. எட்டாவது தெரிந்தால் நிற்பேன். இதுவரை இரண்டு முறை நின்றிருக்கிறேன். ஒரு முறை அது தார்ப்பாய் போர்த்திய உர மூட்டைகள். மறுமுறை அப்படியில்லை.

கவாத்து வெட்டிய பிறகு படத்தைப் புதிதாகப் போடுங்கள். செடி குட்டையானதும் அதுவரை ஒளிந்திருந்த கற்கள் வெளியே வந்துவிடும், பழைய எண்ணிக்கை உங்களை ஏமாற்றும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர்களிடம் இருக்கும் வரைபடம் உங்கள் நோட்டில் இருப்பதைவிடப் பெரியது.

நான்காம் படி: மூடுபனியும் அந்திப் பொழுதும்

தூரத்தை மனம் காற்றின் தெளிவைக் கொண்டும் கணக்கிடுகிறது. மங்கலாகத் தெரிவது தொலைவில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். மழை துடைத்துவிட்டுப் போன காலையில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரம் பக்கத்துத் தெருவில் இருப்பது போலத் தெரிவதும், மஞ்சு இறங்கிய நாளில் இருபது அடியில் நிற்கும் மரம் எங்கோ நிற்பது போலத் தோன்றுவதும் இதனால்தான். பயிற்சி எளிது. மூடுபனியில் ஒரு மரத்தைப் பார்த்து எத்தனை காலடி என்று ஊகித்து எழுதுங்கள், பிறகு நடந்து எண்ணுங்கள். அதே மரத்தைத் தெளிவான நாளில் மீண்டும் ஊகியுங்கள்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒன்று. மூடுபனியில் நம் வேகம் நமக்குக் குறைவாகத் தோன்றுகிறது, அதனால் வேகமாக ஓட்டுகிறோம் என்று 1998ல் ஒரு சிமுலேட்டர் ஆய்வு சொன்னது. 2012ல் வந்த இன்னோர் ஆய்வு, நிஜப் பனியைப் போலக் கிட்டே தெளிவாகவும் தூரே மங்கலாகவும் வைத்தபோது ஓட்டுபவர்கள் மெதுவாகத்தான் போனார்கள் என்றது. மங்கல் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தே வேகத்தைப் பற்றிய உணர்வு மாறுகிறது என்றால், அந்த உணர்வை நம்பி 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் இறங்க முடியாது. ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள்.

அந்தியில் வேறொரு மாற்றம். வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு கறுத்து, பச்சையும் நீலமும் அதோடு ஒப்பிட்டால் வெளிறித் தெரியும். காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) சிவப்பாகப் பூத்திருக்கும் காலத்தில் வீட்டு வாசலிலிருந்தே பார்க்கலாம். பகலில் கண்ணைப் பறித்த பூ, இலைக்கு முன்னால் கறுத்து அணைவது தெரியும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். செல்போன் திரையை ஒருமுறை பார்த்தாலே அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். இன்னொன்று, விழித்திரையின் நடுக்குழியில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் இல்லை. இருட்டில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பாருங்கள்.

ஐந்தாம் படி: பேசுமுன் எழுதுங்கள்

இதுவரை பார்வை. இனி நினைவு. இதில் எல்லோரும் தவறும் இடம் ஒன்றுதான்: பார்த்ததும் பேசிவிடுவது.

1981ல் ப்ரூவர், ட்ரேயன்ஸ் இருவரும் ஆட்களை ஓர் அலுவலக அறையில் 35 நொடி காத்திருக்கச் சொல்லி, வேறு அறைக்கு அழைத்துப்போய் என்ன இருந்தது என்று கேட்டார்கள். சிலர் புத்தகங்கள் இருந்ததாக எழுதினார்கள். அந்த அறையில் புத்தகமே வைக்கப்படவில்லை. அலுவலகத்தில் இருக்க வேண்டியதை நினைவு தானே கொண்டுவந்து வைத்தது. இதை நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் செய்து பார்த்தேன். கடையை விட்டு வந்து எழுதியபோது பாய்லர், பெஞ்சு, வர்க்கி டின் என்று எழுதினேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் அன்று வர்க்கியே வரவில்லை, டின்னையும் உள்ளே எடுத்துவைத்திருந்தார்கள். நீங்களும் ஒரு கடையை வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் "க" அல்லது "ஊ" என்று போடுங்கள். கண்டது, ஊகம். முதல் நாள் "ஊ" போடவே கை வராது. ஒரு வாரத்தில் வரும்.

அடுத்தது துணையோடு. இருவரும் ஒன்றாக நடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் தனித்தனியே எழுதி, அதன் பிறகு ஒப்பிடுங்கள். 2003ல் ஃபியோனா கேபர்ட் குழுவினர், ஒரே சம்பவத்தின் சற்றே மாறுபட்ட வீடியோக்களை இருவருக்குக் காட்டிப் பேசவிட்டார்கள். பேசியவர்களில் 71 சதவீதம் பேர், தாங்கள் பார்க்காத, மற்றவர் சொன்ன ஒன்றையாவது தங்கள் நினைவாகச் சொன்னார்கள். சிறுத்தை வந்த செய்தி காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குட்டியோடு தொடங்கி, மாலைக்குள் மூன்று குட்டியாவதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைவிருக்கிறது அவர்களுக்கு.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 1974ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கார்கள் "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேர், ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். வெறுமனே "இடித்தபோது" என்று கேட்கப்பட்டவர்களில் 14 சதவீதம். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லை. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து எதையோ பார்த்தேன் என்றால், "சிறுத்தையா, எவ்வளவு பெரிசு?" என்று கேட்காதீர்கள். "என்னடா கண்ணு பார்த்தே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லும்போதும், முதலில் பிள்ளை சொன்ன சொல்லையே சொல்லுங்கள்.

ஆறாம் படி: வரைவது

போட்டோ எடுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் இரண்டு நிமிடம் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தில் படமெடுத்த பொருட்களைவிட வெறுமனே பார்த்த பொருட்கள் அதிகம் நினைவில் நின்றன என்று லிண்டா ஹென்கல் 2014ல் காட்டினார். ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. வரைவதும் அப்படித்தான், ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது. வீட்டில் ஒருமுறை நினைவிலிருந்தும் வரையுங்கள். நினைவுப் படத்தில் காட்சி சற்று விரிந்திருக்கும், ஓரத்தில் பார்க்காததும் வந்திருக்கும். 1989ல் ஹெலீன் இன்ட்ராப் குழுவினர் இதைப் பதிவு செய்தார்கள்.

ஏழாம் படி: கோவையில் உட்கார்ந்து மலையை நினைப்பது

1975ல் காடன், பேடலி என்ற இருவர், கடலுக்கடியில் கேட்ட சொற்களை முக்குளிப்பவர்கள் கடலுக்கடியிலும், கரையில் கேட்டதைக் கரையிலும் அதிகம் நினைவுகூர்ந்தார்கள் என்று கண்டார்கள். 2021ல் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை, அதனால் அதை ஒரு விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பயன்பட்டது ஸ்டீவன் ஸ்மித் 1979ல் காட்டியது. படித்த அறைக்குத் திரும்பப் போக முடியாவிட்டால், அந்த அறையை மனதில் கொண்டுவந்தாலே நினைவு மேம்படுகிறது. சாட்சிகளை விசாரிக்க 1980களில் ஃபிஷர், கைசல்மன் இருவரும் உருவாக்கிய முறையிலும் இது முதல் அங்கம்.

மலையை விட்டு இறங்கி ஒரு வாரம் கழித்துச் செய்யுங்கள். நோட்டைத் திறக்காமல், முதலில் நின்ற இடத்தை வரவழையுங்கள். காலடியில் மண்ணா, கல்லா? குளிர் எந்தக் கன்னத்தில் பட்டது? கற்பூர மர வாசம் இருந்ததா, தேயிலை ஃபேக்டரி வாசமா? பிறகு எழுதுங்கள், அற்பமாகத் தோன்றுவதையும் விடாமல். எழுதி முடித்ததும் கடைசியிலிருந்து முதலுக்கு, பாதையைப் பின்னோக்கி நினைத்து இன்னொரு முறை எழுதுங்கள். வழக்கமான வரிசை உடையும்போது ஊகம் இடறும், புதிதாக ஒன்றிரண்டு வரும். அதன் பிறகு பழைய நோட்டைத் திறந்து "க", "ஊ" குறிகளோடு ஒப்பிடுங்கள்.

எட்டாம் படி: எதிர்த்திசை

நான்காவது வாரம் அதே பாதையைக் கீழிருந்து மேலே நடங்கள், கேள்வி எதுவும் இல்லாமல். நான் இரண்டு வருடம் இறங்கியே பழகிய பாதையை முதல்முறை ஏறிப் போனபோது, இரண்டாவது திருப்பத்தில் என் ஏழு பாறைகளில் ஒன்றின் மறுபக்கம் தெரிந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, காய்ந்த செவ்வந்தி கிடந்தது. அந்த அம்மா அடுத்த நாள் வந்தபோது கேட்டேன். "சாமி கல்லு தம்பி, நாங்க அந்தப் பக்கமிருந்துதான வர்றோம்" என்றார்.